ஆளுக்கொரு வசனம்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒன்பது பேர் கூடி வேதம் (பைபிள்) படிக்கிறோம். 2021 டிசம்பரில் தொடங்கியது. கொரோனா சமயத்தில் கோயில் (சர்ச்) பூட்டிக் கிடந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே ஜெபம் பண்ணிப் பழகியிருந்தோம். கோயில் திறந்த பிறகும் அதை விட மனசு வரவில்லை. சேகரத்து ஐயரிடம் (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்) போய்ச் சொன்னோம். "நல்லது, நடத்துங்க. ஞாயிறு ஆராதனைக்குப் பதிலா இது ஆயிடக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். அவரிடம் முதலிலேயே சொன்னது எவ்வளவு நல்லது என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன். சொல்லாமல் தொடங்கிய கூட்டங்கள் இரண்டு மூன்று, கொஞ்ச நாளில் "தனிச்சபை" என்று பெயர் வாங்கிக் கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'சார்'. ஆட்டோ ஓட்டும் அண்ணன், அவர் மனைவி. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் அக்கா. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன். மூலை வீட்டு அக்கா. பின் தெருவிலிருந்து வரும் அத்தை. அப்புறம் நானும் என் வீட்டுக்காரரும். நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. பன்னிரண்டு வருடம் சண்டே ஸ்கூலில் பாடம் எடுத்தவள், எனக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஆறு மாதம் நான் பிரசங்கம் பண்ணினேன். வேறு வார்த்தை அதற்குக் கிடையாது. புதன்கிழமை ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் குறிப்பு எழுதுவேன். மறுநாள் நாற்பது நிமிடம் பேசுவேன். முடிவில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்பேன். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஜெபம், டீ, வீடு. எல்லாரும் "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் "போன வாரம் என்ன படிச்சோம்?" என்று கேட்டால் நர்ஸ் அக்கா மட்டும் ஏதோ ஒரு வசனத்தைச் சொல்லுவார்.

வாசிப்பது மட்டும்தான் எல்லாரும் சேர்ந்து செய்தது. எங்கள் பக்கத்துக் கூட்டங்களின் வழக்கப்படி, வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். அதில் பங்கு இல்லாமல் யாரும் விடுபடுவதில்லை என்று எனக்கு அதன் மேல் பெருமை. பின் தெரு அத்தைக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அவர் முறை நெருங்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். சில நாள் "கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன், நீ வாசி தாயி" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். ஒரு நாள் கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அத்தைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆறு மாதமாக வாரத்துக்கு ஒரு தடவை, எட்டுப் பேர் முன்னால், அவரைப் பயத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்றோடு சுற்றி வாசிப்பதை நிறுத்தினோம். காரணம் சொல்லவில்லை. "இனிமே ஒரே ஆள் முழுசா வாசிக்கட்டும், மத்தவங்க கேப்போம், கதை மாதிரி விளங்கும்" என்று மட்டும் சொன்னேன். இதை வாசிக்கிறவர் யாராவது கூட்டம் நடத்துகிறவராக இருந்தால், தயவுசெய்து உங்கள் வட்டத்தில் யார் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார் என்று பாருங்கள்.

ஒரு ஆள் வாசித்து மற்றவர்கள் கேட்பது என்று வந்ததும் இன்னொன்று நடந்தது. வசனம் வசனமாக உடைத்து வாசிக்கும்போது ஒவ்வொருவரும் தன் வசனம் எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருப்போம். முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று காதில் விழாது. சார்தான் ஒரு விஷயம் சொன்னார்: புதிய ஏற்பாட்டில் இன்றைக்கு நாம் பார்க்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551இல்தான் போட்டார், மாற்கும் பவுலும் எண் போட்டு எழுதவில்லை. அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வாரப் பகுதியை எண் இல்லாமல், தலைப்பு இல்லாமல், பெரிய எழுத்தில் டைப் பண்ணி, வரிகளுக்கு நடுவில் நல்ல இடம் விட்டு ஜெராக்ஸ் எடுத்தார். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். பைபிளில் கோடு போட மனம் வராதவர்கள்கூடத் தாளில் தாராளமாகக் கோடு போட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு வட்டம், புரியாத சொல்லுக்குக் கீழ்க்கோடு, ஆச்சரியமாக இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இவ்வளவுதான் எங்கள் முறை.

அப்புறம் ஒரு காரியம் தற்செயலாக அமைந்தது. தாளை ஒரு வாரம் முன்பே கொடுக்க ஆரம்பித்தோம். அத்தை அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவாராம், மூன்று நான்கு தடவை. அடுத்த வியாழன் வரும்போது எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் அந்தப் பகுதி மனப்பாடமாக இருக்கும்.

முதலில் மாற்கு எடுத்தோம். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சின்னது, பதினாறு அதிகாரம். இரண்டு மூன்று வாரத்திலேயே கல்லூரித் தம்பி "அக்கா, இவர் என்ன 'உடனே, உடனே'ன்னு எழுதிக்கிட்டே போறாரு?" என்று கேட்டான். தாளை எடுத்துப் பார்த்தால், முதல் அதிகாரத்திலேயே அவன் வட்டம் போட்டு நிரப்பியிருந்தான். உடனே ஆவியானவர் வனாந்தரத்துக்கு அனுப்புகிறார், உடனே வலையை விடுகிறார்கள், உடனே அழைக்கிறார். அதற்குப் பிறகு எங்களுக்கு மாற்கு ஓட்டமும் நடையுமான ஆளாகத் தெரிய ஆரம்பித்தார். பன்னிரண்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது வாயை மூடிக்கொள்வதை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஐந்து வரும்போதே தாங்காது, பதில் நுனிநாக்கில் நிற்கும். ஏழு எட்டில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். அவர்கள் சொல்லப்போவது நான் எழுதி வைத்திருந்ததில் இருக்காது. கேள்விகளையும் மாற்ற வேண்டியிருந்தது. "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?" என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த பதில்தான் வரும்: விசுவாசம் வேணும், ஜெபிக்கணும், கீழ்ப்படியணும். "அங்கே யார் யார் நிக்காங்க?" என்று கேட்டால் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சாருக்கு இது கஷ்டமாக இருந்தது. நாற்பது வருடம் வகுப்பறையில் பேசியவர், நல்லது நிறையத் தெரிந்தவர். யார் என்ன சொன்னாலும் முடிவில் அவர் ஒரு விளக்கம் கொடுப்பார், அத்தோடு பேச்சு அடங்கிவிடும். எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. ஒரு சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போய், "சார், நீங்க பேசினப்புறம் மத்தவங்களுக்குத் தைரியம் வரமாட்டேங்குது. நீங்க கடைசியா பேசுவீங்களா?" என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழன் ஒரு நோட்டோடு வந்தார். "பதில் தெரியாத கேள்வியெல்லாம் இதில் எழுதறேன், மாசத்துக்கு ஒரு தடவை ஐயர்ட்ட கேப்போம்" என்றார். அந்த நோட்டு இன்னும் ஓடுகிறது. மாற்கின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் இல்லை என்பதை எங்கேயோ பார்த்துவிட்டுத் தம்பி கலங்கிப்போய்க் கேட்டதும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. ஐயர் அன்றைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிரதிகளை எப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் கேள்வியை அதட்டி அடக்கியிருந்தால் அந்தப் பையன் எங்களை விட்டுப் போயிருப்பான்.

மாற்கு ஐந்தாம் அதிகாரம் படித்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவர் வீட்டுக்குப் போகிற வழியில், பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அந்தப் பகுதியை எடுப்பதற்கே எனக்குத் தயக்கம். ஆண்கள் இருக்கிறார்கள். கோயிலில் இந்தப் பகுதி வரும்போது அவள் வியாதியை யாரும் தொடுவதில்லை, நேராக அவள் விசுவாசத்துக்குப் போய்விடுவார்கள்.

"யார் யார் நிக்காங்க?" என்று கேட்டேன்.

ஆட்டோ அண்ணன்தான் முதலில் பேசினார். "யவீரு நிக்காரு. அதான் எனக்கு மனசுல ஓடுது. வீட்ல பிள்ளை போயிட்டு இருக்கு. இவரைக் கூட்டிட்டு வரார். நடுவழில நின்னு 'என்னைத் தொட்டது யாரு'ன்னு கேட்டா, அந்தத் தகப்பனுக்கு எப்படி இருக்கும்? நான் ராத்திரி எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கேன். ரயில்வே கேட் போட்டுட்டான்னா பின்னால உக்காந்திருக்கவங்க மூச்சு விடுறது நமக்குக் கேக்கும்." அதுவரை ஓடிக்கொண்டே இருந்த மாற்கு இந்த இடத்தில் நிற்கிறார் என்று தம்பி சொன்னான். உடனே உடனே என்று வந்தவர் ஒரு பெண்ணுக்காக நின்றுவிட்டார்.

கல்லூரித் தம்பி பெரும்பாடு என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தான். ரொம்பப் பாடுபட்டவள் என்று நினைத்திருக்கிறான். நர்ஸ் அக்கா அவனுக்கு நேராகவே சொன்னார், மாதவிடாய் நிற்காமல் போகிற நோய் என்று. பன்னிரண்டு வருடம் அப்படி இருந்தால் உடம்பில் ரத்தமே இருக்காது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், கூட்டத்துக்குள் முண்டிக்கொண்டு போகிற தெம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்து நான் வாசித்தேன். அவள் படுக்கிற படுக்கை தீட்டு, உட்காருகிற இடம் தீட்டு, அதைத் தொடுகிறவரும் தீட்டு. அப்படியானால் பன்னிரண்டு வருடம் அவளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பத்து வரை எண்ணத் தொடங்கினேன். பத்து தாண்டியும் யாரும் பேசவில்லை. அப்போது ஆட்டோ அண்ணன் மனைவி தலை குனிந்தபடியே பேசினாள். அதுவரை அவள் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்கு வருடம் தனக்கு அப்படி இருந்தது என்றாள். எத்தனை டாக்டர், எவ்வளவு செலவு, நகை போனது, கடைசியில் கர்ப்பப்பையை எடுத்தது. "இதுல எழுதியிருக்கே, உள்ளதெல்லாம் செலவழிச்சும் குணமாகலன்னு. எழுதினவருக்கு எப்படித் தெரியும்னு நினைச்சேன். நான் அப்பல்லாம் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, பாட்டு முடியங்காட்டியும் எந்திரிச்சிப் போயிருவேன், சேலைல பட்டுருமோன்னு." அவள் புருஷனுக்கே அந்தக் கடைசி வரி அன்றைக்குத்தான் தெரியும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். சார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

அவள் "உண்மையையெல்லாம்" அவருக்குச் சொன்னாள் என்று அந்தப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, யவீரு தவித்துக்கொண்டு நிற்கிறார், அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இயேசு கேட்டுக்கொண்டு நிற்கிறார். மகளே என்று கூப்பிடுகிறார். அந்த வார்த்தையை எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குக் கேட்டது.

முடிக்கலாம் என்று ஜெபத்துக்குக் கையைக் கூப்பினேன். அத்தை, "இரு தாயி, அந்தச் சின்னப் பிள்ளைய விட்டுட்டிய" என்றார். "செத்துப் பொழச்ச பிள்ளைக்குச் சாப்பிடக் குடுங்கன்னு சொல்லுதாருல்லா. எல்லாரும் அதிசயத்தைப் பாத்துட்டு நிக்காவ. பிள்ளைக்குப் பசிக்குமேன்னு அவருக்குத்தான் தோணுது. பெத்த அம்மைக்கே தோணல பாரு."

அதிகாரத்தின் கடைசி வரி அது. அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி சொன்னார். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒருவர்தான் எங்களில் அதை வாசித்தார்.

மாற்கு முடிய ஏழு மாதம் ஆனது. முடித்த பிறகு, லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்கள்) ஒரு சனிக்கிழமை, பதினாறு அதிகாரத்தையும் ஒரே மூச்சாக வாய்விட்டு வாசித்தோம். ஆளுக்கு இரண்டு அதிகாரம் தம்பியும் நர்ஸ் அக்காவும் சாரும் மாறி மாறி வாசித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. முடிந்தால் நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். துண்டு துண்டாகத் தெரிந்ததெல்லாம் ஒரே கதையாகி, சிலுவையை நோக்கிப் போகிற ஒரே வழியாகத் தெரியும்.

அடுத்த ஜனவரியில் வேறு ஒன்று வந்தது. எங்கள் கோயிலில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்டது) கொடுப்பார்கள். தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வோம், வருஷம் முழுக்க அது பயபக்தியோடு வைத்தபடி அலமாரியில் நிற்கும். ஆட்டோ அண்ணனுக்கு எரேமியா 29:11 கிடைத்திருந்தது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற வசனம். அவருக்கு வண்டிக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இந்த வருஷமே கர்த்தர் முடித்துவைப்பார் என்று உறுதியாக இருந்தார். அந்த அதிகாரம் முழுவதையும் படிப்போம் என்று கேட்டதும் அவர்தான்.

படித்தோம். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம், கி.மு. 597இல் ராஜாவோடு சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களுக்குச் சொல்லுகிறான். கேட்க இனிப்பாக இருக்கிறது. அது பொய் என்று எரேமியா சொல்லுகிறார். பதினோராம் வசனத்துக்கு நேர் முன்னால் பத்தாம் வசனத்தில் நிற்பது எழுபது வருஷம்.

அண்ணன் தாளைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ இது எனக்கில்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, சமாதானம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவரே மேலே போய் ஐந்தாம் வசனத்திலிருந்து வாசித்தார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம் பண்ணுங்கள். "எழுபது வருஷம்னு தெரிஞ்சும் தோட்டம் போடச் சொல்லுதாரு" என்றார். அந்த மாதமே நிதி நிறுவனத்துக்குப் போய்த் தவணையை நீட்டித் தரச் சொல்லிப் பேசினார், மூன்று வருஷத்துக்கு. அட்டையை அவர் தூக்கிப் போடவில்லை. அதன் பின்பக்கத்தில் 'எரேமியா 29 முழுதும்' என்று பேனாவால் எழுதி வண்டியில் ஒட்டியிருக்கிறார். எந்த வசனமானாலும் அதற்கு முன்னால் பத்து, பின்னால் பத்து வாசிக்காமல் பேசுவதில்லை என்பது அன்றிலிருந்து எங்கள் வழக்கம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களில் பெரியவர்கள் கையில் இருப்பது 1871இல் வந்த, ஹென்றி பவர் முன்நின்று செய்த மொழிபெயர்ப்பு. அந்தத் தமிழ் எங்கள் ரத்தத்தில் ஊறியது, ஜெபமே அந்தத் தமிழில்தான் வரும். ஆனால் அதில் பாதி இளையவர்களுக்கு விளங்குவதில்லை. பரிதானம் வாங்காதே என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. தம்பி அதை ஏதோ தானம் என்று நினைத்திருந்தான். லஞ்சம் என்று சொன்னதும், "இவ்வளவு தெளிவாவா எழுதியிருக்கு?" என்றான். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். அதைப் பார்த்து முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், கத்தோலிக்கருடைய புத்தகம் என்று. கத்தோலிக்கரும் நம்மைப் போன்ற புராட்டஸ்டண்டு சபையாரும் சேர்ந்து செய்தது என்று சார் எடுத்துச் சொன்னார். இந்த ஊருக்கு 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரே, இருந்த மொழிபெயர்ப்பு சாதாரண ஜனங்களுக்கு விளங்கவில்லை என்றுதானே புதிய ஏற்பாட்டைத் திருத்த உட்கார்ந்தார் என்றும் சொன்னார். அவர் கட்டிய கோயிலின் ஊசிக்கோபுரத்தைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அதற்கு மேல் எதிர்வாதம் இல்லை.

இனி எழுதப் போவது எனக்குக் கூச்சமான காரியம், இரண்டு இருக்கிறது.

மூலை வீட்டு அக்கா தன் மகளுக்கு நிச்சயமான சம்பந்தம் தடுமாறுவதை ஜெபக்குறிப்பாகச் சொன்னார். நான் அதை என் தங்கையிடம் போனில் சொன்னேன், "நீயும் ஜெபி" என்று. என் தங்கை அவள் நாத்தனாரிடம் சொன்னாள். பத்தே நாளில் மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போய்விட்டது. ஜெபத்துக்காகச் சொன்னேன் என்பது என் மனசாட்சிக்கு நான் பூசிய மருந்து. கதை சொல்லுகிற ருசியும் அதில் இருந்தது, எனக்குத் தெரியும். அக்கா வீட்டுக்குப் போய், நான்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைச் சாத்தவில்லை, ஆனால் ஐந்து மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அதிலிருந்து, சொன்னவர் அனுமதி இல்லாமல் எந்தக் குறிப்பும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது, புருஷன் பெண்டாட்டி என்றாலும். வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும்தான் போடுவோம். ஐந்து மாதம் கழித்து அக்கா வந்தார். என்னை அவர் மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது, யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம். அன்றைக்கு எங்கள் வீட்டில் கூட்டம். பொன் மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவன் ஜெப ஆலயத்துக்குள் வந்தால் நல்ல இடத்தில் உட்காரச் சொல்லுகிறீர்கள், தரித்திரனைப் பார்த்து அங்கே நில் அல்லது என் பாதபடியண்டையிலே உட்காரு என்கிறீர்கள் என்று யாக்கோபு எழுதுகிறார். நர்ஸ் அக்கா வாசித்துக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். எல்லாரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் நிமிரவில்லை. சோபாவில் சாரும் மூலை வீட்டு அக்காவும் என் வீட்டுக்காரரும். நாற்காலிகளில் மற்றவர்கள். கதவோரம், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் அத்தை.

ஒன்றரை வருஷம் அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி போட்டால் "இருக்கட்டும் தாயி, இதான் வசதி" என்பார், நாங்களும் விட்டுவிடுவோம். பின் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் பிறந்த யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். ஒரே கோயில், ஒரே கிண்ணத்தில் நற்கருணை எடுக்கிறோம். கூட்டம் நான்கு வீடுகளில் மாறி மாறி நடந்தது. அத்தை வீட்டில் வைப்போமா என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சபைக்குள் ஜாதி பார்க்கக் கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் அனுப்பியதைச் சார் பிற்பாடு சொன்னார். எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் போட எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு நான் எழுந்து தரையில் உட்கார்ந்தேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை, நாற்காலியில் இருக்க முடியவில்லை. ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாருக்கு முழங்கால் மடங்காது, அவர் தவித்தார். "நீங்க இருங்க சார், காலு வலிக்கும்" என்று அத்தைதான் சொன்னார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "அடுத்த வாரம் என் வீட்டுக்கு வாறியளா? வீடு சின்னதுதான்" என்றார்.

போனோம். எட்டுக்குப் பத்து இருக்கும் அறை. பேத்தி எல்லார் தாளையும் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் நின்று தெளிவாக வாசித்தாள். அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டிருந்தார். எல்லாரும் குடித்தோம். இதை எழுதும்போதும், இதை ஒரு சாதனையாக எழுத வேண்டிய நிலை இருப்பது எனக்கு வலிக்கிறது. கூட்டத்தில் முன்பு வந்துகொண்டிருந்த ஒரு தூரத்து உறவினர் அதற்குப் பிறகு வருவதில்லை. காரணம் கேட்டேன், நேரம் சரிப்படவில்லை என்றார்.

இப்படி ஒரு கூட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில சில்லறைக் காரியங்கள். எட்டேகாலுக்கு முடிப்பதென்றால் எட்டேகாலுக்கு முடியுங்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் பெண்களுக்கு அது பெரிய மரியாதை. டீயும் பிஸ்கட்டும், மிஞ்சினால் சுண்டல், அதற்கு மேல் வேண்டாம். எங்களுக்குள் ஒரு சமயம் கேசரி, வடை, இட்லி என்று வீட்டுக்கு வீடு போட்டியாகி, முடியாதவர்கள் தங்கள் முறை வரும்போது ஊருக்குப் போக ஆரம்பித்தார்கள். காணிக்கை எடுக்காதீர்கள். ஜெராக்ஸ் செலவை மாற்றி மாற்றி யாராவது பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள், பெரிய கூட்டத்தில் அத்தை மாதிரி ஆட்கள் பேச மாட்டார்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள், ஆர்வம் அங்கேதான் இழுக்கும். நான்கு அதிகாரம் உள்ள பிலிப்பியரோ ரூத்தோ போதும்.

நாங்கள் அடுத்த வாரம் ரூத் தொடங்குகிறோம். முதல் அதிகாரத்துத் தாளைப் போன வியாழனே கொடுத்தாயிற்று. நேற்று கடைத்தெருவில் அத்தையைப் பார்த்தேன். பேத்தி அதற்குள் இரண்டு தடவை வாசித்துவிட்டாளாம். கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், "நகோமி ஊருக்குத் திரும்பி வந்ததும், என்னைக் கசப்புன்னு கூப்பிடுங்க, வெறுங்கையா வந்தேன்னு பொலம்புதா. மருமக ரூத்து பக்கத்துலயே நிக்கா. அந்தப் பிள்ளைக்கு அதைக் கேட்டா எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டார். வியாழக்கிழமை கேளுங்கள் அத்தை என்று சொல்லிவிட்டு வந்தேன்.